ஜெயபால் வீட்டைவிட இரண்டு இஞ்ச் பெரியது

நைனா,

நீ பெங்களூரில் நலமாக இருக்கிறாய் என்ற செய்தி தெருமுனை வீட்டு ஜெயபால் மூலமாகக் கிடைத்தது. நானும் உன் அம்மாவும் திருவொற்றியூரில் நலம் என்பதையும் நீ அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாய். ஒரு தகப்பன் கடிதத்தின் முதல் இரண்டு வரியில் எழுத வேண்டியதையெல்லாம் அந்த மனிதர் போனிலேயே முடித்துவிட்டார். எனக்கென்று மிச்சம் வைத்தது வயிற்றெரிச்சல் ஒன்றுதான். அதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். எங்கள் சங்கத்து மாத இதழில் கடைசிப் பக்கங்களை எழுதுகிற தோழர் காய்ச்சலில் படுத்துவிட்டார். "சிரிக்கிற மாதிரி எதுனா எழுதிக் குடு" என்று என்னிடம் வந்து நின்றார்கள். என் துன்பத்தைவிடச் சிரிப்பான சரக்கு இந்தக் கம்பெனியில் வேறு எதுவும் இல்லை என்பதால் இந்தக் கடிதத்தை அப்படியே கொடுக்கிறேன். ஃபவுண்டரி முழுக்கப் படிக்கும். படிக்கட்டும். உன் போன் விஷயத்தை ஜெயபால் ஏற்கெனவே ஹைரோடு முழுக்கச் சொல்லியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் டீக்கடையில் பேப்பரைப் பிரித்துக்கொண்டு நின்றேன். ஜெயபால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். வரும்போதே முகத்தில் ஒரு பளபளப்பு. "இன்னா கிளார்க்கு, உன் புள்ள புது மானிட்டரு வாங்கப் போறானாமே. ராத்திரி எனக்கு போன் போட்டான்" என்றார். "தெரியும், எங்கிட்டயும் சொன்னான்" என்றேன். சொன்னது பச்சைப் பொய். அவரும் அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்பது அடுத்து அவர் டீயை உறிஞ்சிய சத்தத்திலேயே தெரிந்தது. "கேம் ஆடறதுக்காம். துட்டு கம்மியா கீதாம். கல்யாணச் செலவு, வூட்டு அட்வான்ஸுன்னு எல்லாம் முழுங்கிடிச்சாம். எது வாங்கலாம் மாமான்னு கேக்கறான், பாவம்." அந்தப் 'பாவம்' என்ற சொல்லை அவர் என்னைப் பார்த்துச் சொன்னாரா, உன்னை நினைத்துச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. டீ மாஸ்டர் மட்டும் என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகத்துக்கு இடமில்லை. அன்று டீயில் சர்க்கரை போட்டிருந்தாரா என்றுகூட எனக்கு நினைவில்லை.

மானிட்டர் விஷயத்தில் உனக்கு யோசனை சொல்ல ஜெயபாலுக்கு என்ன தகுதி என்று அன்று முழுக்க யோசித்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனிதர். என் தகுதி என்ன என்றும் யோசித்தேன். ஃபவுண்டரி டைம் ஆபீஸில் உட்கார்ந்து யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று குறிக்கிறவன். இரண்டு பேருக்கும் தகுதி இல்லை. அப்படி இருக்கும்போது, தகுதியில்லாத இருவரில் சொந்த அப்பனைத் தேர்ந்தெடுப்பதுதானே முறை?

படிக்கிற தோழர்களுக்காக நம் தெருவைச் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். ஹைரோட்டில் தொடங்கி மேற்கே போகும் தெரு அது. போய் ரயில் தண்டவாளத்து மதிலில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். முதல் வீடு ஜெயபாலுடையது. கடைசி வீடு நம்முடையது. அவர் வீட்டில் பஸ் சத்தம், நம் வீட்டில் ரயில் சத்தம். அவருடைய மகன் டில்லியும் நீயும் ஒரே பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்தீர்கள். உன் படிப்புக்காக நான் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் இருந்தது பதினாலு இஞ்ச் மானிட்டர். திரை முன்பக்கம் தொப்பை போட்டிருக்கும். படம் லேசாக நெளிந்துகொண்டே இருக்கும். வோல்டேஜ் சரியில்லை என்று மின்சார வாரியத்தைத் திட்டிவிட்டு நாம் நிம்மதியாகத்தான் இருந்தோம். ஜெயபால் ஓவர்டைம் காசில் டில்லிக்குப் பதினேழு இஞ்ச் ஃபிளாட் மானிட்டர் வாங்கிய நாள்வரை.

அதற்கப்புறம் நீ நம் வீட்டுக்கு வருவது சாப்பிடவும் தூங்கவும் மட்டும் என்று ஆனது. சில நாள் சாப்பாடும் அங்கேயே. "இன்னிக்கு டில்லி அம்மா வஞ்சிரம் வறுத்தாங்கம்மா" என்று நீ சொன்னபோது உன் அம்மா கரண்டியை அடுப்பு மேடையில் வைத்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவளுக்கு மீன் மேல் பொறாமை. எனக்கு மானிட்டர் மேல் பொறாமை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தனித்தனியாக வெந்துகொண்டிருந்தோம்.

ஒருநாள் மாலை, உன்னைக் கூப்பிடுகிற சாக்கில் அவர் வீட்டுக்குப் போனேன். என் சட்டைப் பையில் உன் அம்மாவின் தையல் டேப் இருந்தது. நீயும் டில்லியும் கடைக்குப் போயிருந்தீர்கள். ஜெயபால் உள்ளே முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் டேப்பை எடுத்து அந்தத் திரையை மூலைக்கு மூலை அளந்தேன். பதினாறுதான் வந்தது. மறுபடி அளந்தேன். பதினாறு. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷம் உன் கல்யாணத்தன்றுகூட வந்ததா என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வருவதற்குள் வழியில் மூன்று வீட்டில் சொல்லிவிட்டேன், "பாவம் ஜெயபால், நல்லா ஏமாத்திட்டானுங்க, ஒரு இஞ்ச் கொறையுது" என்று. ராத்திரி சாப்பிடும்போது உன்னிடமும் சொன்னேன். நீ சாதத்தைப் பிசைந்துகொண்டே, "அது ஏமாத்தறது இல்லப்பா. எல்லா மானிட்டரும் அப்டித்தான். ட்யூபோட அளவு பதினேழு, ஓரத்துல ஒரு இஞ்ச் பிளாஸ்டிக்குக்குள்ள போயிடும்" என்றாய். பிறகு தலையைத் தூக்கி, "நீ எப்டிப்பா அளந்த?" என்று கேட்டாய். உன் அம்மா சிரித்த சிரிப்பில் ரசம் சிந்தியது.

ஆனால் நான் உண்மையில் எதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்பது அன்று அந்த வீட்டில்தான் தெரிந்தது. தெரிந்தும் மானிட்டர் மேல் பழியைப் போட்டேன். நீங்கள் இருவரும் கடையிலிருந்து ஓடிவந்து நேராகத் திரை முன்னால் உட்கார்ந்தீர்கள். ஜெயபாலும் முகம் கழுவிவிட்டு வந்து உங்களோடு ஆட உட்கார்ந்தார். துப்பாக்கியால் சுடும் விளையாட்டு. ஆள் மாற்றி ஆள் ஆட வேண்டும். அவர் ஆட ஆரம்பித்ததும் செத்தார். சுவரைப் பார்த்துச் சுட்டார், தன் கட்சிக்காரனையே சுட்டார், மாடியிலிருந்து தானாகவே விழுந்து செத்தார். ஒவ்வொரு முறையும், "அய்யோ, என்னிய தூக்கிட்டானுங்கடா, டில்லி, ஒங்கம்மாகிட்ட சொல்லிடு, தாலிய பத்திரமா வைக்கச் சொல்லு" என்று கத்துவார். உள்ளேயிருந்து அந்த அம்மா, "மொதல்ல ரேஷன் கடைக்குப் போயிட்டு வந்து சாவு" என்பார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டாய். நைனா, நீ நம் வீட்டில் அப்படி உருண்டு நான் பார்த்ததில்லை. நான் வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வந்திருந்ததை நீ கவனிக்கவே வெகுநேரம் ஆயிற்று.

என் மூளை என்ன செய்தது பார். ஜெயபாலைப் போலச் சிரிக்கச் சிரிக்கச் சாக எனக்கு வராது. அது கடையில் கிடைக்காத சரக்கு. மானிட்டர் கடையில் கிடைக்கும். ஆகவே மானிட்டர் வாங்கினால் பிள்ளை வீடு திரும்பிவிடுவான் என்று முடிவு கட்டியது. போனஸ் வந்ததும் உன் அம்மாவிடம் போய் நின்றேன். "புடவைக்கு எடுத்து வச்சிட்டு மிச்சத்துல இன்னா வேணா பண்ணிக்கோ" என்றாள். அந்த மிச்சம்தான் நம்முடைய பட்ஜெட். பெரிய மிச்சம் ஒன்றும் இல்லை.

கம்ப்யூட்டர் கடைகள் நெருக்கியடிக்கிற ரிச்சி தெருவுக்கு நாம் இருவரும் போனோமே, அந்தச் சனிக்கிழமையை நீ மறந்திருக்க மாட்டாய். நீ வீட்டுப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாய். கம்ப்யூட்டர் பத்திரிகையில் கிழித்த பக்கம் உன் பையில் இருந்தது. வழியெல்லாம் எனக்கு விளக்கினாய். எல்சிடி என்று ஒல்லியாக ஒன்று புதிதாக வந்திருக்கிறது, பதினைந்து இஞ்சே நம் பட்ஜெட்டைப் போல இரண்டு பங்கு, அதிலும் வேகமாக ஓடுகிற ஆளுக்குப் பின்னால் அவனுடைய சாயல் இழுத்துக்கொண்டே வரும், கேமுக்கு ஆகாது. ஆகவே புதுப் பதினேழு இஞ்ச், பழைய மாடல் ட்யூப்தான், ஆனால் எண்பத்தைந்து ஹெர்ட்ஸில் ஓட வேண்டும், அப்போதுதான் கண் வலிக்காது என்றாய். நானும் எல்லாம் புரிந்தவனைப் போலத் தலையாட்டினேன். எனக்குள் ஓடியது ஒரே கணக்கு. ஜெயபாலிடம் பதினேழு. நாமும் பதினேழு வாங்கினால் அது அவரைப் பார்த்து வாங்கினது ஆகிவிடும்.

கடைக்காரரிடம், "பதினெட்டு இஞ்ச் கீதா?" என்று கேட்டேன். "பதினேழுக்கு அப்புறம் பத்தொன்பதுதான் சார். புதுசு உங்களுக்குக் கட்டாது. ஒரு ஆபீஸ்ல மாத்திட்டு குடுத்த பழசு ஒண்ணு கீது, பாக்கறீங்களா?" என்றார். உள்ளேயிருந்து இரண்டு ஆள் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். மேஜை முனகியது. முன்னால் பார்த்தால் திரை, பக்கவாட்டில் பார்த்தால் மாட்டு வண்டி. நீ என் காதோரம், "வேணாம்பா. பழசு. ட்யூப் எவ்ளோ ஓடிச்சின்னு தெரியாது. இவ்ளோ பெருசுல நம்ம கிராஃபிக்ஸ் கார்டு அந்த ஹெர்ட்ஸுல ஓட்டுமான்னும் தெரியல. புதுப் பதினேழே போதும்" என்றாய். நான் உன்னிடம் ஒரே கேள்விதான் கேட்டேன். "இது ஜெயபால் வூட்டத விட பெருசா, இல்லியா?" நீ கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, பத்திரிகைப் பக்கத்தை மடித்துப் பைக்குள் வைத்தாய். கடைக்காரர் பில் போட்டுக்கொண்டிருந்தார்.

அதைத் தூக்கிக்கொண்டு வந்த கதையைத்தான் நான் இந்தக் கடிதத்தில் மெதுவாக எழுத ஆசைப்படுகிறேன். ஆட்டோவில் சென்ட்ரல் வரைக்கும் வந்தோம். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கலில், கூடை ஏற்றும் வெண்டார் பெட்டியில் ஏறினோம். மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு திரும்பிய அம்மா ஒருத்தி, "இன்னா நைனா, டிவி பொட்டியா?" என்று கேட்டாள். "மானிட்டர்" என்றாய் நீ. "எதுவோ ஒண்ணு. சும்மா தரையில வச்சீன்னா ஆடி ஆடி உள்ள கீற கண்ணாடி வுட்டுப் போவும்" என்று சொல்லி, தலையில் கூடைக்குக் கீழே வைக்கிற சும்மாட்டுத் துணியைச் சுருட்டி அதற்கு அடியில் கொடுத்தாள். இறங்கும்போது திருப்பிக் கொடுத்தோம். ஒரு வாரம் நம் மானிட்டரில் மீன் வாசனை அடித்தது. எதிராளியைச் சுடும்போதெல்லாம் கவிச்சி வருகிறது என்று டில்லி சொன்னான்.

ஸ்டேஷனிலிருந்து வீடு வரை நாம் இருவரும் தூக்கினோம். நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். தெரு குறுகலாக இருந்ததால் பக்கவாட்டில் நடக்க முடியவில்லை. நீ பின்பக்கமாக நடந்தாய், நான் முன்பக்கமாக. உன் முகம் பெட்டிக்கு மேலே எனக்கு நேர் எதிரே. நான் சொல்லச் சொல்ல நீ கால் வைத்தாய். "கல்லு கீது. லெப்டுல வா. நாய் படுத்துக்கினு கீது, மெதுவா. படி." நீ ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சொன்னால் அங்கே படி இருக்கும் என்று கால் தூக்கினாய். உன் மீசை அப்போதுதான் முளைத்திருந்தது என்பதை அன்றுதான் பார்த்தேன். வியர்வை உன் கண்ணில் இறங்க, துடைக்கக் கை இல்லாமல் கண்ணைச் சிமிட்டினாய். கனம் கையை அறுத்தது. ஜெயபால் தம் வாசலில் நின்று, "கை குடுக்கவா கிளார்க்கு?" என்றார். "வேணாம்" என்று நாம் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அந்த ஒரு 'வேணாம்' போதும் நைனா, அந்த மானிட்டருக்குக் கொடுத்த காசு அங்கேயே தீர்ந்துவிட்டது.

மிச்சம் எல்லாம் நஷ்டம். முன்னறை மேஜையில் வைத்தால் அதன் பின்பக்கம் சுவரை இடித்தது, முன்பக்கம் கீழே விழப் பார்த்தது. "இந்த எருமைய கூடத்துல கட்டாத" என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். ஆகவே பின்னறையில், தண்டவாளத்து மதிலை ஒட்டிய மேடைமேல் ஏற்றினோம். போட்டதும் பிரமாதமாகத்தான் இருந்தது. டில்லியைக் கூட்டிக்கொண்டு வா என்று நானே உன்னை அனுப்பினேன். டில்லி வந்தான், பின்னால் ஜெயபாலும் வந்தார். நீ ஆட ஆரம்பித்தாய். திடீரென்று படம் முழுக்கத் தண்ணீருக்குள் போட்ட மாதிரி ஆடியது. கட்டிடம் ஆடியது, ஆள் ஆடினான், துப்பாக்கி முனை நெளிந்தது. நீ செத்தாய். பிறகு படம் தானாக நின்றது. ஜெயபால் மரியாதைக்காக மேலே ஃபேனைப் பார்த்தார்.

அடுத்த சில நாள் நான் பட்ட பாட்டை ஊர் அறியும். ஸ்டெபிலைசர் வாங்கினேன். கம்பெனி எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து எர்த் போட வைத்தேன். கடைசியில் உன் அம்மா, "அந்த மனுசன் வாசல்ல நின்னு பார்த்த பார்வதான்" என்று சொல்லி, மானிட்டருக்குக் கற்பூரம் சுற்றி, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து அதன் தலையில் கட்டினாள். நானும் தடுக்கவில்லை. சுற்றுவதற்குக் கற்பூரத்தைக் கை நீட்டிக் கொடுத்தவனே நான்தான். ஜெயபாலுக்கு நம்மேல் பொறாமை என்று நினைக்கும்போதே அவ்வளவு இனிப்பாக இருந்தது. நீதான் ஒருநாள் கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ப்பா, ட்ரெயின் போறப்ப மட்டும்தான் ஆடுது. மேல கம்பியில போற கரண்டு இந்த ட்யூப இழுக்குது. முன்னாடி அறையில பழசு நெளிஞ்சதும் இதனாலதான்" என்றாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நேரம் பார்த்துக் கூட்ஸ் வண்டி ஒன்று வந்தது. அது போய் முடியும்வரை நாம் இருவரும் அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மிளகாய் மட்டும் ஆடாமல் தொங்கியது. ஜெயபால் வீடு ஹைரோட்டில் இருக்கிறது, அவர் மானிட்டருக்கு ஆட்டம் இல்லை. தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருக்கிறவன், சுவருக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று பாராமல் தெருமுனைக்காரனைப் பார்த்து மானிட்டர் வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

ஆனால் அந்தக் கண்றாவிதான் நம் வீட்டைத் திருவிழா ஆக்கியது. டில்லி அதற்கு 'ரயில் ஆட்டம்' என்று பெயர் வைத்தான். ரயில் போகிற நேரத்தில் யார் சாகாமல் தப்பிக்கிறார்களோ அவர்களுக்கு மற்றவர்கள் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். டில்லி தன்னுடைய ஆடாத பதினேழு இஞ்சை விட்டுவிட்டு நம் வீடே கதி என்று கிடந்தான். பின்னாலேயே ஜெயபாலும் வந்தார். லெவல் கிராஸிங் மணி கேட்டதுமே, "வருதுடா, எமன் வர்றான், கும்மிடிப்பூண்டியிலேர்ந்து டிக்கெட் எடுத்துக்கினு வர்றான்" என்று கத்துவார். ரயில் வந்ததும் முதல் ஆளாகச் சாவார். நீ உருண்டு உருண்டு சிரித்தாய். நம் வீட்டில், நம் தரையில். நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. நான் சமையலறையில் நின்று அவர்களுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். "புள்ள வூட்டுலதான கீறான், இன்னும் இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு கீற?" என்று உன் அம்மா கேட்டாள். "வூட்டுலதான் கீறான்" என்றேன்.

ஒரே ஒருநாள் நீ என்னைக் கூப்பிட்டாய். "ப்பா, நீயும் ஒரு ஆட்டம் ஆடுப்பா." எல்லோரும் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்கள். ஜெயபால் மௌஸைத் துடைத்துக் கொடுத்தார். நான் டைம் ஆபீஸ்காரன். எந்த ரயில் எப்போது வரும் என்பது எனக்கு மனப்பாடம். ரயில் வரும் நேரத்துக்குச் சற்று முன்னால் என் ஆளை ஒரு படிக்கட்டுக்கு அடியில் கொண்டுபோய் ஒளித்து வைத்துவிட்டேன். திரை ஆடியது. நான் அசையவில்லை. ரயில் போனது. நான் சாகவில்லை. ஜெயித்துவிட்டேன். டில்லி மட்டும் ரொம்ப மரியாதையாக, "சூப்பர் அங்கிள்" என்றான். பஜ்ஜியை வாங்கி என்னிடம் கொடுத்தார்கள். அதை நான் தின்றேன். அவ்வளவு சப்பென்ற பஜ்ஜியை அதற்கப்புறம் நான் தின்றதில்லை.

சரி, யோசனைக்கு வருகிறேன். ஜெயபாலிடம் கேட்டதை என்னிடமும் கேட்டதாகவே வைத்துக்கொள்கிறேன். அந்த டீக்கடை ஞாயிறு கழிந்து வந்த சனிக்கிழமை உன் அம்மாவிடம் பல் வலி என்று சொல்லிவிட்டு ரிச்சி தெருவுக்குத் தனியாகப் போனேன். நாலு கடை ஏறி இறங்கினேன். இப்போது எல்லாமே எல்சிடிதான், சாயல் இழுக்கிற வியாதி பெரும்பாலும் சரியாகிவிட்டது என்கிறார்கள். உன் பட்ஜெட்டில் பத்தொன்பது இஞ்ச் அகலத்திரை வரும். கொஞ்சம் மூச்சைப் பிடித்தால் இருபத்திரண்டும் வரும். பிடிக்காதே. திரை பெரிதானால் புள்ளிகள் கூடும், அத்தனையையும் உன் பழைய கிராஃபிக்ஸ் கார்டு தள்ள வேண்டும், தள்ள முடியாமல் மூச்சு வாங்கும். அப்புறம் கார்டும் மாற்ற வேண்டிவரும், அதற்கு உன்னிடம் காசு இல்லை. சாயல் மறைய இரண்டு மில்லி செகண்டா, ஐந்து மில்லி செகண்டா என்று கடையில் கயிறு திரிப்பார்கள். ஐந்தே போதும், மிச்சக் காசுக்கு உன் முதுகுக்கு நல்ல நாற்காலியாகப் பார். வெள்ளைப் படம், கறுப்புப் படம் இரண்டையும் போட்டுக் காட்டச் சொல். நிறம் மாறாத செத்த புள்ளி ஒன்று இருந்தாலும் அங்கேயே மாற்று. வீட்டுக்கு வந்தபின் அது உன் கண்ணில் மட்டும்தான் படும், கடைக்காரன் கண்ணில் படாது. முக்கியமாக, பக்கத்து வீட்டில் எத்தனை இஞ்ச் என்று விசாரிக்காதே. பார், இவ்வளவையும் ஜெயபால் சொல்லியிருப்பாரா? கடையில் ஒரு பையன் என்னைக் கேட்டான், "யாருக்கு சார்?" "எனக்குத்தான்" என்றேன். "கேம் ஆடுவீங்களா?" "ஆடுவேன். ரயிலு வந்தா மட்டும் ஒளிஞ்சிப்பேன்" என்றேன். பாவம், முழித்தான்.

திரும்பி வந்து நேராக ஜெயபால் வீட்டுக்குத்தான் போனேன். நீ கேட்டதற்கு அவர் என்ன சொன்னார் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அவர் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, "எனக்கு இன்னா தெரியும் கிளார்க்கு? உங்கப்பன கேளுன்னுதான் சொன்னேன்" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "அதுக்கு அவன் இன்னா சொன்னான்?" என்று கேட்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்பாவ கேட்டா உங்க வூட்டத விட ரெண்டு இஞ்ச் பெருசா வாங்கச் சொல்வாருன்னான்" என்றார். டில்லி அம்மா உள்ளேயிருந்து சிரிப்பது கேட்டது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர்கள் வீட்டில் இப்போது இருப்பது இருபது இஞ்ச். அளக்கவில்லை, கண்ணளவுதான்.

ஆகவே நான் இஞ்ச் பற்றி வாயே திறக்கப் போவதில்லை. நீ எது சொல்கிறாயோ அதுதான். புதுசு என்றால் புதுசு, சின்னது என்றால் சின்னது. என் வயிற்றெரிச்சல் இப்போது வேறு இடத்துக்குப் போய்விட்டது. அந்தக் கடைப் பையன் எல்சிடிப் பெட்டியை ஒரே கையில் தூக்கிக் காட்டினான். "வெயிட்டே இல்ல சார், காலேஜ் பை மாதிரி தோள்ல மாட்டிக்கினு பஸ்ஸுல போயிடலாம். கூட ஆளே வேணாம்" என்றான். கூட ஆள் வேண்டாத பொருளைக் கண்டுபிடித்தவன் மேல் எனக்கு வந்த கோபத்தை நீ நம்ப மாட்டாய்.

அடுத்த வாரம் எனக்கு இரண்டு நாள் லீவு இருக்கிறது. பெங்களூருக்கு வருகிறேன். கடையில் நான் பேச மாட்டேன், டேப் எடுத்து வர மாட்டேன், வேண்டுமானால் வாசலிலேயே நிற்கிறேன். வாங்கிய பிறகு அந்தப் பெட்டிக்கு ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான். உன் மனைவி, "நான் புடிக்கிறேன் மாமா" என்று ஓடி வருவாள். நல்ல பெண். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளை நாலு அடி தள்ளி நிற்கச் சொல். ஊர் சிரிக்கும், இரண்டு ஆம்பிளைகள் சேர்ந்து ஒரு கை கனத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று. சிரிக்கட்டும். உன் வீடு இரண்டாவது மாடி என்று ஜெயபால் சொன்னார். இந்த முறை நான் பின்பக்கமாக நடக்கிறேன். படி வந்தால் நீ சொல்லு.

அப்பா